முசோர்ஸ்கியைத் திருத்திய நண்பர்

சில வருடங்களுக்கு முன் அலுவலகத்தில் ஒரு பழைய ப்ரோக்ராம் என் தலையில் விழுந்தது. எழுதியவர் வேலையை விட்டே போய்விட்டார். பார்க்க சகிக்காத கோட். மூன்று நாள் உட்கார்ந்து சுத்தம் செய்தேன். நடுவில் ஓரிடத்தில் காரணமே சொல்லாமல் இரண்டு வினாடி காத்திருக்கச் சொல்லியிருந்தார். அதையும் தூக்கிவிட்டேன். அந்த இரண்டு வினாடி எதற்கு என்பது அடுத்த வாரம்தான் புரிந்தது. நல்லவேளை, பழைய பிரதி அப்படியே இருந்தது.

ரஷ்ய இசையமைப்பாளர் மாதெஸ்ட் முசோர்ஸ்கியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டு வினாடி ஞாபகம் வரும். ஏன்னா, அவர் இசைக்கும் இதேதான் நடந்தது. செய்தவர் எதிரி இல்லை, நெருங்கிய நண்பர்.

முசோர்ஸ்கி 1839-ல் பிஸ்கோவ் பகுதியில் கரேவோ என்ற கிராமத்தில், நிலக்கிழார் குடும்பத்தில் பிறந்தவர். அம்மாவிடம் பியானோ கற்றார். 13 வயதில் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் ராணுவப் பள்ளி, 17 வயதில் காவற்படை ரெஜிமென்டில் அதிகாரி. இரண்டே வருடத்தில் இசைக்காக ராணுவத்தை விட்டார். 1861-ல் பண்ணையடிமை முறை ஒழிந்தபோது குடும்ப வருமானம் சரிந்தது. பிறகு வாழ்நாளில் பெரும்பகுதி அரசு அலுவலகங்களில் குமாஸ்தா வேலைதான். பகலில் கோப்பு, மிச்ச நேரத்தில் இசை.

இசைக் கல்லூரிப் பக்கமே போகாத ஐந்து நண்பர்கள் பலாகிரெவ் தலைமையில் கூடியதை 'ஐவர்' என்று வரலாறு சொல்லும். பொரதீன் வேதியியல் பேராசிரியர், குய் ராணுவப் பொறியாளர், ரிம்ஸ்கி-கோர்சகோவ் கடற்படை அதிகாரி, முசோர்ஸ்கி குமாஸ்தா. ஐரோப்பிய இலக்கணத்தை நகலெடுக்காமல் ரஷ்யாவுக்கென்று ஒரு இசை வேண்டும் என்பது இவர்கள் கனவு.

ஐவரில் முசோர்ஸ்கி போன தூரம் வேறு யாரும் போகவில்லை. மனிதன் பேசும் விதத்திலிருந்தே மெட்டு பிறக்க வேண்டும் என்று நினைத்தார். 1868-ல் கோகோலின் 'திருமணம்' நாடகத்தை எடுத்து, அதன் உரைநடை வசனத்தையே பேச்சின் ஏற்ற இறக்கத்தோடு பாட்டாக்கிப் பார்த்தார். ஓர் அங்கத்தோடு நிறுத்திவிட்டார். ஆனால் அந்தச் சோதனையில் கற்றதெல்லாம் அடுத்த வேலைக்குப் போனது. அதுதான் புஷ்கின் நாடகத்தை வைத்து எழுதிய 'போரிஸ் கொதுனோவ்' ஓபரா.

அதன் தொடக்கத்தைப் பாருங்கள். போரிஸ் அரியணை ஏற வேண்டும் என்று மண்டியிட்டுக் கெஞ்சும்படி ஜனங்களை ஒரு காவலர் அதட்டுகிறார். கூட்டமும் கத்துகிறது. எதற்குக் கத்துகிறோம் என்று ஒருத்தர் பக்கத்து ஆளைக் கேட்க, அவருக்கும் தெரியவில்லை. கோரஸ் என்றால் வரிசையாக நின்று அழகாகப் பாடுவது என்றிருந்த மேடையில், ஜனங்கள் ஜனங்களாகவே பேசினார்கள்.

முடிசூட்டுக் காட்சியில் மணியோசைக்காக அவர் மாற்றி மாற்றி வாசிக்க வைப்பது இரண்டே கார்டுகள். அவற்றின் அடிப்படை ஸ்வரங்களுக்கு நடுவே உள்ள தூரம், நம்ம கணக்கில் ஷட்ஜத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் உள்ள தூரம். பாடப்புத்தகப்படி இந்த வகைக் கார்டு வேறொன்றில் போய் அடங்கியாக வேண்டும். இங்கே அடங்காமல் மோதிக்கொண்டே இருக்கிறது. பெரிய மணிகள் நிஜத்தில் அப்படித்தானே ஒலிக்கும்!

1871-ல் அரசு நாடக அரங்க நிர்வாகம் ஓபராவைத் திருப்பி அனுப்பியது. முக்கியமான பெண் பாத்திரம் இல்லை என்பது பெரிய குறை. முசோர்ஸ்கி திருத்த உட்கார்ந்தார். அந்த 1871–72-ல்தான் அவரும் ரிம்ஸ்கி-கோர்சகோவும் ஒரே அறையில் குடியிருந்தார்கள். ஒரே பியானோ. காலையில் முசோர்ஸ்கி வாசிப்பார், மதியம் அவர் ஆபீஸ் போனதும் இவர் முறை. ரிம்ஸ்கியின் கல்யாணத்தில் முசோர்ஸ்கிதான் மாப்பிள்ளைத் தோழன்.

அந்த அறையில் முசோர்ஸ்கி எழுதியவற்றில் ஒன்று க்ரோமி காட்டுக் காட்சி. ஜனங்கள் கலகம் செய்து, புதிதாக வந்த போலி இளவரசன் பின்னால் ஓடிவிடுகிறார்கள். காலி மேடையில் ஒரு பித்தன் மட்டும் உட்கார்ந்து ரஷ்யாவுக்காக அழுகிறான். போரிஸ் இறக்கும் காட்சிக்குப் பிறகு இதை வைத்து ஓபராவை முடித்தார். மன்னன் போய்விட்டான், ஜனங்களின் துயரம் அப்படியே இருக்கிறது.

1874 பிப்ரவரியில் மரீன்ஸ்கி அரங்கில் ஓபரா மேடையேறியது. ரசிகர்களிடம் வரவேற்பு இருந்தது. ஆனால் ஐவரில் ஒருவரான குய்யே கடுமையாக விமர்சனம் எழுதினார். அதே வருடம்தான் இறந்துபோன நண்பர் ஹார்ட்மனின் ஓவியக் கண்காட்சியைப் பார்த்துவிட்டு, 'கண்காட்சியிலிருந்து சித்திரங்கள்' என்ற பியானோ தொகுப்பைச் சுமார் மூன்று வாரத்தில் எழுதினார். அவர் உயிரோடு இருந்தவரை அது அச்சாகவில்லை.

குடி முற்றியது. 1880-ல் வேலையும் போனது. 1881-ல் வலிப்பு கண்டபோது, ராணுவ மருத்துவமனையில் இடம் கிடைப்பதற்காக அவரை டாக்டர் ஒருவரின் ஏவலாள் என்று பதிவு செய்து சேர்த்தார்கள். சிவந்த மூக்கும் கலைந்த தலையுமாக இன்று நாம் பார்க்கும் அந்தப் புகழ்பெற்ற ஓவியத்தை ரெப்பின் அங்கேதான் வரைந்தார். சில நாட்களில், மார்ச் 28 அன்று, முசோர்ஸ்கி இறந்தார். வயது 42.

இப்போது ரிம்ஸ்கி வருகிறார். 1871-ல் 27 வயதில் அவருக்கு இசைக் கல்லூரியில் பேராசிரியர் வேலை கிடைத்திருந்தது. இலக்கணம் சரியாகத் தெரியாது என்பதை உணர்ந்து, மாணவர்களுக்கு ஒரு பாடம் முன்னால் தானே படித்துத் தேறியவர். அப்படித் தேறியவர் கண்ணுக்கு நண்பரின் காகிதங்கள் எப்படித் தெரிந்திருக்கும்? பாதியில் நிற்கும் ஓபரா, முறைதவறிய ஹார்மனி, சரியாக எடுபடாத வாத்திய அமைப்பு.

சொந்த வேலையை ஒதுக்கிவிட்டு ஒன்றரை, இரண்டு வருடம் அதிலேயே உழைத்தார். முடியாமல் கிடந்த 'ஹவான்ஷ்சினா'வை முடித்தார். 'மொட்டை மலையில் ஓர் இரவு' இசையைப் புதிதாகக் கட்டி 1886-ல் அரங்கேற்றினார். முசோர்ஸ்கி தன் வாழ்நாளில் அதை ஒருமுறைகூட ஆர்கெஸ்ட்ராவில் கேட்கவில்லை. 1896-ல் 'போரிஸ்' முழுவதையும் மாற்றி எழுதினார். சுருதிகளை மாற்றினார், ஹார்மனியைத் திருத்தினார், சில பகுதிகளை வெட்டினார், வாத்திய அமைப்பை முழுசாகப் புதுப்பித்தார்.

கடைசி இரண்டு காட்சிகளையும் இடம் மாற்றினார். க்ரோமி காடு முன்னால் போய், போரிஸின் மரணம் முடிவாக வந்தது. மேடைக்கு இது பிரமாதமான முடிவு, சந்தேகமில்லை. ஆனால் ஜனங்களின் கதை ஒரு மன்னனின் கதையாக மாறிவிட்டது. அதுவும் எந்தக் காட்சி? தன் அறையில், தன் பியானோவில், கண்ணெதிரே பிறந்த காட்சி.

அப்போ ரிம்ஸ்கி வில்லனா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1882-லேயே மேடையை விட்டுப் போயிருந்த ஓபராவை உலகம் கேட்டது அவர் பதிப்பில்தான். 1908-ல் பாரிஸில் ஷல்யாப்பின் போரிஸாகப் பாடி அசத்தியதும் அந்தப் பதிப்புதான். முசோர்ஸ்கியின் வாத்திய அமைப்பில் குறையே இல்லை என்றும் சொல்ல முடியாது. அவர்மேல் பெரும் மதிப்பு வைத்திருந்த ஷோஸ்தகோவிச்சே 1939–40-ல் 'போரிஸு'க்கு வாத்திய அமைப்பைப் புதிதாக எழுதினார். ஆனால் ஹார்மனியில் கை வைக்கவில்லை. பிழை எது, அந்த ஆளின் பேச்சு எது என்று பிரித்துப் பார்க்க அதற்குள் காது பழகியிருந்தது. அந்தக் காதைப் பழக்கியதில் முசோர்ஸ்கிக்கும் பங்கு உண்டு.

இன்னொன்றும் இருக்கிறது. ரிம்ஸ்கி தன் நினைவுக் குறிப்புகளில், என் திருத்தம் மூலத்தை அழித்துவிடவில்லை, மூலமே மேல் என்று பின்னால் வருபவர்கள் நினைத்தால் அதையே பாடட்டும் என்கிற பொருளில் எழுதியிருக்கிறார். அப்படியே நடந்தது. அவர் இறந்து 20 வருடம் கழித்து, 1928-ல், பாவெல் லாம் கையெழுத்துப் பிரதிகளை வைத்துத் தொகுத்த பதிப்பு வந்தது. அதே வருடம் லெனின்கிராடில் மூல வடிவம் மேடையேறியது. இன்று பல அரங்குகள் முசோர்ஸ்கி எழுதியதைத்தான் பாடுகின்றன.

வித்தியாசத்தை நீங்களே கேட்டுப் பார்க்கலாம். 'சித்திரங்கள்' தொகுப்பில் 'பிட்லோ' என்று ஒன்று வரும். போலிஷ் மாட்டுவண்டி. ரவேல் 1922-ல் எழுதிய ஆர்கெஸ்ட்ரா வடிவில் வண்டி தூரத்தில் மெல்லக் கிளம்பி, பக்கத்தில் வந்து, கடந்து போகும். மிக அழகு. ஆனால் அந்த மெல்லிய தொடக்கம் ரிம்ஸ்கியின் 1886 பதிப்பிலிருந்து வந்தது. ரவேல் கையில் இருந்தது அதுதான்.

முசோர்ஸ்கி எழுதியதில் வண்டி தூரத்திலிருந்து வருவதில்லை. முதல் ஸ்வரமே உச்ச ஓசை. எடுத்த எடுப்பில் சக்கரம் நம் காலடியில் நிற்கிறது. முதலில் ரவேலைக் கேளுங்கள். பிறகு மூலப்படி வாசிக்கும் ஒரு பியானோ பதிவைத் தேடிக் கேளுங்கள். இரண்டில் எது பிடித்தது என்று எனக்கும் சொல்லுங்கள்.