மேளம் கேட்கப் போன வீதி

நமது இசை வரலாற்றை எழுதப் புகுவோர் வித்துவான்களின் வரலாற்றை எழுதுகின்றனர். அவர்களுக்குப் பொன்னாடை போர்த்திய பிரபுக்களின் பெருமையையும் எழுதுகின்றனர். ஆனால் காத தூரம் நடந்தும் வண்டிலிற் குலுங்கியும் வந்து, விடியும்வரை மணலில் அமர்ந்து மேளம் கேட்ட மக்களின் வரலாற்றை எழுதுவார் அரியர். கேட்பவன் இன்றிக் கலை ஏது? ஒரு சமுதாயத்தின் கலை எத்துணை உயர்ந்தது என்பதை வித்துவானின் விரல்கள் காட்டும். அச்சமுதாயம் எத்துணை உயர்ந்தது என்பதையோ, கேட்க வந்தவனுக்கு அது கொடுத்த இடமே காட்டும். இந்த உண்மையைச் சுன்னாகத்தின் ஊடாகச் செல்லும் ஒரு வீதியை வைத்தே விளக்கிவிடலாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் செல்லும் அவ்வீதி கொக்குவில், கோண்டாவில், இணுவில், மருதனார்மடம், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம் என ஊர்களை மாலையாகக் கோத்துச் செல்கின்றது. அம்மாலையின் நடுமணி சுன்னாகம். தோட்டக்காரனின் உழைப்பெல்லாம் வந்து விலைப்படும் சந்தையை உடையது. குமாரசுவாமிப் புலவர் (1854–1922) போன்ற பேரறிஞரைத் தமிழுக்குத் தந்தது. இதன் தெற்கே இணுவிலும் வடமேற்கே அளவெட்டியும் நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் பேர்போன ஊர்கள். தஞ்சை மண்ணிலிருந்து கடல் கடந்து வந்து இங்கே வேரூன்றிய கலைக் குடும்பங்கள் பல. 1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கிய பின்னர், அக்கரை வித்துவான்கள் திருவிழாக் காலத்தில் இக்கரைக்கு வந்து போவதும் எளிதாயிற்று.

இம்மண்ணின் இசைக்கு மகுடமாக விளங்கியவர் தவில் மேதை தட்சிணாமூர்த்தி. 1933-இல் இணுவிலிற் பிறந்து, 1975-இல் நாற்பத்திரண்டு வயதும் நிரம்பாமல் மறைந்த அவர், தவிலின் பிறப்பிடமென மார்தட்டிய தமிழகத்தையே வியக்கவைத்தார். அவரைப் பற்றி அம்ஷன்குமார் எடுத்த ஆவணப்படம் இந்திய அரசின் தேசிய விருதினைப் பெற்றது. நாதஸ்வரத்தில் அளவெட்டி என்.கே. பத்மநாதனின் பெயர் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலோடு பிரிக்கவொண்ணாதபடி இணைந்தது.

இத்தகையோரின் மேளச்சமா எங்கே நடக்கின்றது என்பதை அறிந்தால் ரசிகன் வீட்டில் இருப்பானா? திருவிழாவின் ஒவ்வொரு நாளுக்கும் ஒவ்வோர் உபயகாரர். ஒருவரை ஒருவர் விஞ்ச வேண்டுமென்ற போட்டியிற் கூட்டம் கூட்டமாக மேளங்கள் அழைக்கப்படும். சுவாமி வீதிவலம் வரும்போது வடக்கு வீதியில் இரண்டு கோஷ்டிகள் எதிரெதிரே நின்று வாசித்தால், பொழுது விடிவதைக்கூட எவரும் உணரார். இதற்கெனத் தோழனும் தோழனுமாகச் சேர்ந்து புறப்படுவது குடாநாட்டு இளைஞரின் வழக்கம். காசுள்ளவன் வாடகைக் காரிற் போவான். இல்லாதவன் தட்டிவானில் தொங்குவான். அதுவும் இல்லாதவர் இருவர் ஒரே சைக்கிளில் மாறி மாறி மிதித்துச் செல்வர். திரும்பும் வழியெல்லாம் தனி ஆவர்த்தனத்தைப் பற்றியே விவாதம்!

இனிமையான காட்சிதான். ஆனால் எல்லோருக்கும் வாய்த்த இனிமையா அது?

இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் நடுப்பகுதி வரையிலே, தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட மக்களுக்கு யாழ்ப்பாணத்தில் விதிக்கப்பட்டிருந்த தடைகளை நோக்குக. சைக்கிள் வைத்திருக்கக் கூடாது; பஸ்ஸின் ஆசனத்தில் அமரக் கூடாது; வாடகைக் காரில் ஏறக் கூடாது; தேநீர்க் கடைக்குள் நுழையக் கூடாது; குடை பிடிக்கக் கூடாது; செருப்பு அணியக் கூடாது. ஊருக்கு ஊர் கடுமை கூடியும் குறைந்தும் இருந்திருக்கலாம், கட்டு ஒன்றுதான். நாதஸ்வரம் கேட்கப் போவது ஒருபுறம் இருக்கட்டும். அதற்காக ஒரு வாகனத்தில் ஏறுவதே ஒருவனுக்குப் பொழுதுபோக்காகவும் மற்றவனுக்குப் போராட்டமாகவும் இருந்தது. பள்ளிக்கூடத்திலோ தோட்டத்திலோ நட்புக்கொண்ட இருவர் ஒரே வித்துவானை விரும்பினாலும், வழியிலே ஒரு மிடறு தேநீரைச் சேர்ந்து அருந்த முடியாது. கோயில் வாசலை அடைந்ததும் ஒருவன் உள்ளே போவான். மற்றவன் வெளியே நிற்பான். ராகம் மதிலைத் தாண்டி வரும். மனிதன் மதிலைத் தாண்டக் கூடாது!

தவிலையே எடுத்துக்கொள்வோம். பலாமரத்தைக் குடைந்தவன் ஒரு தொழிலாளி. தோலை உரித்துப் பதப்படுத்தியவன் வேறொரு தொழிலாளி. அந்தத் தோல் கோயிலுக்குள்ளே சென்று சுவாமியின் முன்னிலையில் முழங்குகின்றது; மல்லாரியோடு மூர்த்தியை வீதிக்கு அழைத்துவருகின்றது. செத்த மாட்டின் தோலுக்குத் தீட்டில்லை. அதைப் பதப்படுத்திய கைக்குத்தான் தீட்டு என்றால், அந்த நியாயத்தை எந்த ஆகமத்தில் தேடுவது?

வாசித்தவனின் நிலைமாத்திரம் மேலானதா? அவன் ஞானத்தை மெச்சிய பிரபு, அவனுக்குச் சமமாக ஆசனம் கொடுக்கத் தயங்கினான். மேலாடையை இடுப்பிற் கட்டிக்கொண்டு நின்றபடியே வாசிக்க வேண்டும் என்பது பழைய மரபு. அம்மரபை எதிர்த்துச் சட்டையணிந்து, மேடையில் அமர்ந்து வாசிக்கும் உரிமையை நிலைநாட்டியவர் திருவாவடுதுறை இராஜரத்தினம்பிள்ளை (1898–1956). கலைஞனின் மானத்துக்காக அவர் தொடுத்த போர் அது. ரசிகனின் மானத்துக்கான போரோ பின்னும் பல ஆண்டுகள் காத்திருந்தது.

1957-இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இலங்கைப் பாராளுமன்றத்தில் நிறைவேறிற்று. பொது இடங்களில் சாதியின் பெயரால் ஒருவரைத் தடுப்பது குற்றமாயிற்று. ஆனால் சட்டம் கொழும்பில் இருந்தது. கதவு யாழ்ப்பாணத்தில் இருந்தது. அந்தக் கதவைத் திறக்க மக்களே எழவேண்டியதாயிற்று.

1966 அக்டோபர் 21. சுன்னாகம் சந்தையடியில் பொதுவுடைமையாளர்களின் தலைமையிலே மக்கள் திரண்டனர். தீண்டாமைக்கு எதிராக யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட அவ்வூர்வலத்தைத் தொடக்கத்திலேயே பொலிசார் தாக்கினர். குருதி சிந்தியும் ஊர்வலம் கலையவில்லை, யாழ்ப்பாணத்தைச் சென்றடைந்தது. மேளம் கேட்கச் சென்றோர் நடந்த வீதியிலே மனிதராக வாழக் கேட்டோர் நடந்தனர். அடுத்த ஆண்டில் தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் உருவாயிற்று, எழுத்தாளர் கே. டானியல் அதன் முன்னணியில் நின்றார். தேநீர்க் கடைகள் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டன. 1968-இல் அதே வீதியின் வடகோடியிலுள்ள மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாசலில் போராட்டம் மூண்டது. உள்ளே செல்ல உரிமை கோரியவர்களைக் கல்வியிலும் செல்வத்திலும் சிறந்தோர் எனப்பட்டவர்களே நின்று மறித்தனர். கணிதப் பேராசிரியராகவும் அமைச்சராகவும் இருந்த சி. சுந்தரலிங்கம் அம்மறியலின் தலைவராக நின்றார் என்பது, கல்வி ஒன்றே சாதியைக் கரைத்துவிடும் என நம்புவோர் மறக்கக்கூடாத பாடம்.

பின்னர் வந்த யுத்தம் எல்லோரையும் வீதிக்குத் துரத்தியது. 1990-இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். 1995-இல் வலிகாமமே ஒரே இரவிற் பெயர்ந்து நடந்தது. உயர்ந்தவனும் தாழ்ந்தவனும் ஒரே சேற்றில் நடந்தார்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. 1990-இல் நின்றுபோன புகையிரதம் 2014-இல் யாழ்ப்பாணத்துக்கும், 2015 தொடக்கத்திற் காங்கேசன்துறைக்கும் மீண்டும் வந்தது. இன்று இணுவிலின் தவிலும் அளவெட்டியின் நாதஸ்வரமும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள கோயில்களுக்கு விமானமேறிச் செல்கின்றன.

துன்பம் நம்மை ஒரே வீதியில் நடக்கவைத்தது. ஆனால் துன்பத்தாற் பிறக்கும் சமத்துவம் துன்பத்தோடே தீர்ந்துவிடுவதும் உண்டு. சாதி முற்றாகச் சாகவில்லை; கோயில் நிருவாகத்திலும் திருமணப் பேச்சிலும் அது இன்னும் உயிரோடு இருக்கின்றது. ஆதலின் நமது இசைக்கு விழா எடுப்போர் வித்துவான்களோடு சேர்த்து வேறு சிலரையும் நினைவுகூர்தல் வேண்டும். மதிலுக்கு வெளியே நின்று, முகம் காணாமல் செவியால் மாத்திரம் தட்சிணாமூர்த்தியின் தவிலைச் சுவைத்த அந்த மனிதனும் நமது இசை மரபின் உரிமையாளனே. அவனும் அவன் தோழனும் அருகருகே அமர்ந்து கேட்கும் சபைதான் நாம் எழுப்பவேண்டிய சபை. அங்கே ஒலிக்கும் மேளமே முழுமையான மேளம்.