மதங்கரும் யாழும்: விபுலானந்தரின் மதுரைத் தொடர்பு

மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் செந்தமிழ்க் கல்லூரியைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு ஓர் அறிவியல் ஆசிரியரின் நினைவு வரும். பாண்டித்துரைத் தேவர் 1901-இல் நிறுவிய அச்சங்கம் நடத்திய பண்டிதத் தேர்வில், 1916-ஆம் ஆண்டு மயில்வாகனன் என்னும் இருபத்துநான்கு வயது இளைஞர் தேறினார். ஈழத்தவருள் அத்தேர்வில் முதலில் வென்றவர் அவரே என்பர். அதே ஆண்டில்தான் கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் அறிவியல் டிப்ளோமாவும் பெற்றிருந்தார். ஒரு கையில் தொல்காப்பியம், மறு கையில் சோதனைக் குழாய். இவ்விரண்டையும் அவர் இறுதிவரை கீழே வைக்கவில்லை. பின்னாளில் சுவாமி விபுலானந்தர் என்று நாம் அறிந்தவர் அவர்தாம்.

மட்டக்களப்பை அடுத்த காரைதீவில் 1892-இல் பிறந்தார். உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையோடு அச்சேற்றியதும் அவ்வாண்டில்தான். தற்செயல்தான், ஆயினும் அந்த உரைதான் இவருடைய வாழ்நாளின் பெரும்பகுதியை விழுங்கியது என்பதை எண்ணும்போது சற்றே மெய்சிலிர்க்கிறது.

யாழ்ப்பாணத்தில் அறிவியல் கற்பித்தார். 1920-இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்.சி. பட்டம் பெற்றார், மானிப்பாய் இந்துக் கல்லூரிக்குத் தலைமை ஏற்றார், 1922-இல் சென்னை இராமகிருஷ்ண மடம் புகுந்து, 1924-இல் துறவு பூண்டார். துறவு பூண்ட அந்த ஆண்டிலேயே மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழா மேடையில் அவர் எடுத்துக்கொண்ட பொருள் நாடகம்! காவியுடுத்த இளந்துறவி ஒருவர் கூத்தரைப் பற்றியும் அரங்கைப் பற்றியும் பேசினார். அப்பேச்சு விரிந்து, 1926-இல் 'மதங்க சூளாமணி' என்னும் நூலாகச் சங்கத்தின் வெளியீடாகவே வந்தது.

மதங்கர் என்றால் கூத்தர். அவர்களுடைய முடிமணி எனச் சேக்சுபியரைச் சுட்டியது அத்தலைப்பு. நூல் மூன்று இயல்களாலானது. முதலாவது உறுப்பியல்: சிலம்பின் அரங்கேற்று காதையையும் அதன் உரையையும் கொண்டு பழந்தமிழ் நாடக இலக்கணத்தைத் தொகுக்கிறது. அடுத்த எடுத்துக்காட்டியல், சேக்சுபியரின் பன்னிரண்டு நாடகங்களைத் தமிழில் தருகிறது. ஒழிபியலில் தனஞ்சயரின் தசரூபகக் கருத்துகள் இடம்பெறுகின்றன. செயிற்றியம், குணநூல், மதிவாணர் நாடகத் தமிழ்நூல் எனப் பெயரளவில் மட்டும் எஞ்சியவற்றின் இழப்பை, கிடைத்த துண்டுகளைக் கோத்து ஈடுசெய்ய முயன்ற முயற்சி இது.

ஆனால் ஒரு குறையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் பேசிய மதுரை, அன்று உயிருள்ள நாடகத்தின் நகரம். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியது இங்கேதான், டி. கே. எஸ். சகோதரர்கள் சிறுவர்களாக வந்து சேர்ந்ததும் அந்தச் சபையில்தான். சுவாமிகள் மறைந்து இரண்டாண்டுகள்கூட நிறையாத நேரத்தில் சங்க மேடையில் நாடகம் பேசப்பட்டது. எனினும் நூலின் மூன்று இயல்களிலும் அந்தக் கம்பெனி நாடகத்துக்கென ஓர் இயல் இல்லை. விபுலானந்தர் பிறந்த மட்டக்களப்போ வடமோடி, தென்மோடிக் கூத்துகளின் விளைநிலம். அதற்கும் இல்லை. ஏட்டில் இருந்ததே அன்றைய புலமைக்கு வரலாறாகப் பட்டது. களரியில் ஆடியது அவ்வாறு படவில்லை. பிற்காலத்தில் இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்த் துறையிலிருந்து பேராசிரியர் சு. வித்தியானந்தன் புறப்பட்டு, 1960-களில் அக்கூத்துகளை மேடைக்குக் கொண்டுவந்தார். அதே துறையில் 1943-இல் பேராசிரியராக அமர்ந்தவர் விபுலானந்தர் என்பதை எண்ணினால், விட்ட இழையை அந்தத் துறையே எடுத்துக்கொண்டது என்று சொல்லத் தோன்றுகிறது.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1931 முதல் 1933 வரை தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். சென்னையில் 1936-இல் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். வேதியியலையும் இயற்பியலையும் தமிழில் சொல்ல வேண்டும் என்ற அந்த அவா தனியானதன்று. பழைய இசைச் சொற்களுக்கு எண்ணில் பொருள் காண முயன்ற அதே மனம்தான் இங்கும் வேலை செய்தது.

அந்த மனத்தின் முழு விளைவு 'யாழ் நூல்'. வீணை வந்து இடம்பிடித்த பிறகு மறைந்துபோன கருவி யாழ். கையில் ஒரு நரம்புகூட இல்லை. உள்ளவை செய்யுள்களும் உரைகளும் மட்டுமே. அவர் கணக்கை நம்பினார். நரம்பின் முழு நீளம் முப்பத்தாறு அங்குலம் எனில், அது எழுப்பும் ஒலியைக் குரல் என்று கொள்வோம். இருபத்துநான்கு அங்குலத்தில் மீட்டினால் அதன் கிளையாகிய இளி பிறக்கும்; இருபத்தேழில் நட்பாகிய உழை. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழுக்கும் முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 என மாத்திரை வகுத்து, மொத்தம் இருபத்திரண்டு எனக் கூறும் பழைய மரபு, இத்தகைய பின்னங்களோடு பொருந்துமா என்பதே வினா. இயற்பியல் படித்த ஒருவர் மட்டுமே அந்த வினாவை அப்படிக் கேட்டிருக்க முடியும் என்பது என் துணிபு. வில்யாழ், பேரியாழ், சீறியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் எனப் பல வடிவங்களை ஆராய்ந்து, தேவாரப் பண்கள்வரை சென்றார். அவருடைய எல்லா முடிபுகளும் நிற்கும் என்று நான் வாதிட மாட்டேன். உரையிலிருந்து மட்டும் ஒரு கருவியை மீட்பதில் ஊகத்துக்கு நிறையவே இடமுண்டு. ஆயினும் மறுப்பவரும் அவருடைய கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் 1947 சூன் மாதம் அந்நூல் அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. உடல் தளர்ந்திருந்த அவர் முன்னிலையில், அவருடைய அளவுகளின்படி செய்த யாழ்கள் இசைக்கப்பட்டன. அதற்கடுத்த மாதம், சூலை 19-ஆம் நாள், அவர் மறைந்தார்.