கடல் கடந்த கல்வியும் கடனும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீமைக்குச் சென்று படிக்க விரும்பிய இந்திய மாணவன், கப்பல் கட்டணம், கல்லூரிச் சம்பளம், சில வருஷங்களுக்கான ஜீவனச் செலவு ஆகிய யாவற்றையும் ஒருசேரத் திரட்ட வேண்டியிருந்ததோடு, சமுத்திரம் தாண்டுவதைப் பாவமெனக் கருதிய சுற்றத்தாரின் எதிர்ப்பையும் தாங்க வேண்டியிருந்தது. ஆகவே பணம் இருந்த இடத்திலும் மனம் இல்லாமையால் அவனுடைய பிரயாணம் தடைப்படுவதுண்டு. 1888-ஆம் ஆண்டில் மோகன்தாஸ் காந்தி பாரிஸ்டர் படிப்புக்காகப் புறப்பட்டபோது நேர்ந்ததும் இதுவே. நாலாயிரம் ஐயாயிரம் ரூபாய் போதும் என்று குடும்ப நண்பர் ஒருவர் மதிப்பிட்டிருந்தார். போர்பந்தர் சமஸ்தானத்தின் ஆங்கிலேய நிர்வாகியிடம் உதவி கேட்டும் பயனில்லாமற் போகவே, செலவைத் தமையனார் ஏற்றுக்கொண்டார். ஆனால் பம்பாயில் கூடிய ஜாதிக் கூட்டம் காந்தியை ஜாதிப் பிரஷ்டம் செய்து, அவருக்கு உதவுவோர்க்கும் துறைமுகம் சென்று வழியனுப்புவோர்க்கும் 1 ரூபாய் 4 அணா அபராதம் விதித்துவிட, தமையனார் ஒப்படைத்திருந்த பணத்தைத் தருவதற்கு உறவினரே மறுத்துவிட்டார். கடைசியில் வேறொரு குடும்ப நண்பரிடம் கடன் பெற்றே அவர் செப்டம்பர் 4-ஆம் தேதி கப்பலேறினார்.

தனவந்தரின் கொடையை நம்பியவர்களுக்கும் அந்நாளில் நிச்சயமில்லை. பிற்காலத்தில் காங்கிரஸ் தலைவர்களுள் ஒருவராக விளங்கிய பெரோஸ்ஷா மேத்தா, ருஸ்தம்ஜி ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாய் என்ற வணிகரின் உபகாரத்தால் 1864-இல் லண்டன் சென்றார். அமெரிக்க உள்நாட்டு யுத்தம் மறு ஆண்டு முடிந்து பருத்தி விலை வீழ்ந்தபோது, கொடுத்தவருடைய செல்வத்தோடு கொடையும் கரைந்துபோயிற்று. கொடையாளியின் ஈகைக் குணம் எத்தனை உயர்ந்ததாயினும், அது அவருடைய கைப்பொருளின் ஆயுளுக்கு உட்பட்டதாகவே இருக்கும் என்பதற்கு வேறு திருஷ்டாந்தம் வேண்டியதில்லை.

அதே வீழ்ச்சியில் தம் தந்தையாரின் பருத்தி வியாபாரம் நொடித்ததை லண்டனில் இருந்தபடியே அனுபவித்தவர் ஜாம்ஷெட்ஜி டாட்டா. கந்தை உடுத்தவனுக்குத் துணியும் பசித்தவனுக்கு அன்னமும் அளிப்பது புண்ணியமே ஆயினும், தேசம் உயர வேண்டுமானால் அதன் அறிவாற்றல் மிக்க பிள்ளைகளை மேலே தூக்கிவிடுவதே முதன்மையான தர்மம் என்பது அவர் கொண்ட கொள்கை. அக்கொள்கையின் வழியே, தம் பெயரால் விளங்கும் நிதியொன்றை 1892-இல் அவர் ஸ்தாபித்தார். அந்நிதியிலிருந்து மாணவர் பெற்றது தானமன்று, கடன். படித்துத் திரும்பி உத்தியோகமோ தொழிலோ கைகூடிய பின் சிறு வட்டியுடன் அதைத் திருப்பித் தர வேண்டும். திரும்பி வரும் பணம், ஓர் ஏரியின் கலங்கல் வழியே வழிந்த நீர் அடுத்த ஏரியை நிரப்புவதுபோல, அடுத்த மாணவனுக்குப் போய்ச் சேரும். முதன்முதலில் இக்கடனைப் பெற்ற இருவருமே மருத்துவம் பயிலச் சென்ற பெண்கள், பிரேனி காமாவும் கிருஷ்ணாபாய் கேளவ்கரும் என்பது, பெண் எழுத்தறிவதையே ஐயத்தோடு நோக்கிய அக்காலத்தை நினைக்கையில் நம் நெஞ்சை நிமிரச் செய்வது.

ஐ.சி.எஸ். என்னும் உயர் அரசாங்கப் பதவிக்கான பரீட்சை 1922 வரையில் லண்டனில் மட்டுமே நடைபெற்று வந்தமையால், அங்கு சென்று தங்கிப் படிக்கப் பொருளில்லாதவனுக்கு அப்பதவியின் வாசல் அடைபட்டே கிடந்தது. 1924-ஆம் ஆண்டு அளவில் அப்பதவியை எய்திய இந்தியர் ஐவரில் இருவர் டாட்டா நிதியின் துணை பெற்றவர்களாயிருந்தனர் என்னும் செய்தியால், அவ்வாசலை இக்கடன் எவ்வளவு அகலத் திறந்தது என்பது விளங்கும்.

டாட்டா நிதியின் நிழலுக்கு வெளியே நின்றவர் பட்ட பாட்டை அம்பேத்கரின் சரித்திரம் காட்டுகிறது. 1913-இல் பரோடா மகாராஜாவின் உதவியுடன், பத்து வருஷம் அந்தச் சமஸ்தானத்தில் சேவை செய்வதாக ஒப்பந்தம் எழுதிக்கொடுத்து அவர் கொலம்பியா சர்வகலாசாலைக்குச் சென்றார். அங்கிருந்து லண்டன் சென்று தொடங்கிய படிப்பை, உதவிக்காலம் முடிந்தமையால், பாதியில் நிறுத்தித் திரும்ப நேர்ந்தது. பம்பாயில் ஆசிரியராயிருந்து மிச்சம் பிடித்த சம்பளம், கோல்ஹாப்பூர் மகாராஜாவின் உதவி, பார்சி நண்பர் ஒருவர் நம்பிக் கொடுத்த 5,000 ரூபாய்க் கடன் ஆகியவற்றைக் கொண்டு 1920-இல் மீண்டும் லண்டன் சென்று பயின்று, டாக்டர் பட்டம் பெற்றார். திருவிதாங்கூரின் உழவூரில், வறுமை மிக்க தலித் குடும்பத்தில் பிறந்த கே. ஆர். நாராயணனோ 1945-இல் டாட்டா நிதியின் துணையால் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்து ஹெரால்ட் லாஸ்கியிடம் பயின்றார். 1997-இல் குடியரசுத் தலைவரானார். அவரிடம் செல்வம் இல்லை, அறிவு இருந்தது. அதையே ஈடாகக் கொள்ளும் ஒரு ஸ்தாபனமும் அன்று இருந்தது.

இன்று கடன் தருவோர் பெரும்பாலும் வங்கியாளர். 2001-இல் இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரித் திட்டம் அயல்நாட்டுப் படிப்புக்கு 15 லட்சம் ரூபாய் வரையில் கடன் தர வழிசெய்தது. 4 லட்சம் வரையில் ஈடு கேட்பதில்லை என்றும், படிக்கும் காலத்தில் தவணை கேட்பதில்லை என்றும் விதித்தமையால் அநேக குடும்பங்கள் பயன் பெற்றன. எனினும் பெருந்தொகைக்கு வீட்டுப் பத்திரமோ பிணையாளரோ வேண்டும் என்ற இடத்தில், மாணவனின் தகுதி பின்னுக்குப் போய்த் தகப்பனாரின் ஆஸ்தி முன்னே வந்து நிற்கிறது.

முனிவர்க்குப் பட்ட கடன் கற்பதாலும் கற்பிப்பதாலும் தீரும் என்று நம் முன்னோர் சொல்லிவைத்தார்கள்; அதாவது கல்விக் கடன், கொடுத்தவருக்கன்றிப் பின்வருவோருக்கே தீர்க்கப்படுவது. அயல்நாட்டில் படித்து, வாங்கிய கடனை அடைத்து, நல்ல நிலையில் வாழ்வோர் நம்மிடையே பெருகியிருக்கின்றனர். தாம் பயின்ற கல்லூரியிலேனும், ஈடு கேளாமல் தகுதி ஒன்றையே பார்த்துக் கொடுத்து, திரும்பி வருவதை மறுபடியும் மாணவருக்கே வழங்கும் நிதியொன்றை அவர்கள் கூடி நிறுவுவார்களானால், 1892-இல் ஒருவர் தனியே செய்த காரியத்தை ஊர்தோறும் பலர் சேர்ந்து செய்தவர்களாவார்கள்.