ரீம்ஸுக்குப் போன நான்கு பேர்

வார்சாவுக்கு அருகே ஒரு கிடங்கில் பொட்டலம் கட்டும் வேலையில் இருக்கும் என் பழைய மாணவி ஓர் இரவு அழைத்தாள். “அம்மா, பெர்லின்ல ஒரு பாட்டியைக் கூடவே இருந்து பாத்துக்கணுமாம். போலந்து விசாவே போதும்னு ஏஜென்ட் சொல்றாரு. போகட்டுமா?”

போகலாம், வேலை செய்யத்தான் முடியாது. 1985 ஜூன் 14 அன்று, லக்சம்பர்க்கின் ஷெங்கன் கிராமத்தருகே மோசெல் ஆற்றுப் படகொன்றில் ஐந்து நாடுகள் கையெழுத்திட்டன. பத்தாண்டு கழித்து எல்லைச் சோதனைகள் விலகின. வேலை அனுமதியை மட்டும் ஒவ்வொரு நாடும் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. போலந்தின் நீண்டகால விசா உள்ளவர் 180 நாளில் 90 நாள் ஜெர்மனியில் தங்கலாம். கூலி வாங்க அந்த விசா போதாது.

இந்தப் பூட்டைச் சற்றே நெகிழ்த்திய வழக்கு ஒன்று உண்டு. 1989இல், பிரஸ்ஸல்ஸில் கட்டட இடிப்புத் தொழில் நடத்திய வாண்டர் எல்ஸ்ட் என்பவர், பிரான்ஸின் ரீம்ஸ் நகரில் ஒரு மாத வேலைக்கு எட்டுப் பேரை அனுப்பினார். நால்வர் பெல்ஜியர், நால்வர் மொராக்கோக்காரர். அந்த மொராக்கோக்காரர்கள் பல ஆண்டுகளாகப் பெல்ஜியத்தில் முறைப்படி அவரிடம் வேலை செய்தவர்கள். பிரெஞ்சுத் தூதரகத்தில் குறுகியகால விசாவும் எடுத்திருந்தார்கள். ஆனாலும் தொழிலாய்வாளர்கள் வந்து, பிரான்ஸின் வேலை அனுமதி எங்கே என்று கேட்டார்கள். முதலாளிக்குப் பெருந்தொகை விதிக்கப்பட்டது. அவர் வழக்காடினார். 1994 ஆகஸ்ட் 9 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது: ஒரு நாட்டில் முறைப்படி, வழக்கமாக வேலையில் இருப்பவரை நிறுவனம் தற்காலிகமாக அடுத்த நாட்டுக்கு அனுப்பினால், அந்நாடு தனி வேலை அனுமதி கேட்கக் கூடாது.

முதல் வாசிப்பில் எனக்கு மகிழ்ச்சிதான். மறுவாசிப்பில், யாருடைய உரிமை என்று தேடினேன். எல்லை தாண்டிச் சேவை வழங்கும் சுதந்திரம் என்கிறது தீர்ப்பு. அது நிறுவனத்தின் சுதந்திரம். நால்வரும் அதன் கருவிகளைப் போல உடன் போய், வேலை முடிந்ததும் திரும்ப வேண்டியவர்கள். தீர்ப்பில் அவர்களுக்குப் பெயர் இல்லை. ஜெர்மானியத் தூதரகங்கள் இதற்கெனத் தரும் விசாவுக்கோ இன்றும் முதலாளியின் பெயர்தான். குடும்ப அட்டையில் கணவர் பெயருக்குக் கீழே தன் பெயரைத் தேடிப் பழகிய நமக்கு இந்த இலக்கணம் புதிதல்ல.

அதிலும் பெண்களின் வேலை இன்னும் ஒரு படி கீழே. நிறுவனம் இருந்தால்தான் இந்த உரிமை எழும். குடும்பம் நேரடியாக அமர்த்திய ஆயாவுக்கு இதில் இடமில்லை. வீட்டுக்குள் நடப்பதை வேலை என்று ஒப்புக்கொள்ளவே ஐரோப்பா தயங்கியது. வெளிநாட்டு இளையோர், பெரும்பாலும் பெண்கள், ஒரு குடும்பத்தோடு தங்கிக் குழந்தை பார்க்கும் ‘ஓ பேர்’ ஏற்பாட்டுக்கு 1969இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஒப்பந்தம் போட்டார்கள். அவர்கள் மாணவரும் அல்லர், தொழிலாளரும் அல்லர், தனி வகை என்றது அது. நாளுக்கு ஐந்து மணிநேரத்துக்கு மிகாத உழைப்புக்குக் கிடைத்ததன் பெயர் கைச்செலவுப் பணம்.

2021 ஜூன் 24 அன்று ஜெர்மனியின் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் ஒரு பல்கேரியப் பெண்ணின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. பல்கேரிய நிறுவனமொன்று அவரை பெர்லினுக்கு அனுப்பி, தொண்ணூறு வயது கடந்த மூதாட்டி ஒருவரைப் பார்த்துக்கொள்ள வைத்தது. ஐரோப்பிய ஒன்றியக் குடிமகள் என்பதால் அவருக்கு விசாச் சிக்கல் இல்லை. ஒப்பந்தத்தில் வாரத்துக்கு 30 மணிநேரம். நாள் முழுதும் வேலையிலோ, அழைத்தால் எழும் நிலையிலோ இருந்ததாக அவர் வாதிட்டார். காத்திருக்கும் நேரத்துக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டு, அனுப்பப்பட்ட பெண்ணுக்கும் உண்டு என்றது நீதிமன்றம்.

மாணவியிடம் இரண்டு கேள்வி கேட்கச் சொன்னேன்: என்னை வேலைக்கு வைத்து அனுப்புவது எந்த நிறுவனம்? ஜெர்மன் தூதரகத்தில் எனக்கு விசா எடுப்பது யார்? மறுநாள் ஒப்பந்தத்தைப் படமெடுத்து அனுப்பினாள். நிறுவனத்தின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. வேலை நேரம் 40 மணி என்றிருந்தது. கீழே அவள் கேட்டிருந்தாள்: “ராத்திரி பாட்டி எந்திரிச்சா அது எந்தக் கணக்கும்மா?”