அம்பு முனையில் ஒட்டிய பதங்கம்

அம்பு என்றால் ஒரே குச்சி என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் சில மர அம்புகள் இரண்டு மரங்களால் ஆனவை. தண்டு இலேசான மரம். அலகு பொருத்தும் முன்பக்கத்தில் மட்டும் கடின மரம் ஒட்டியிருக்கும். 1545இல் இங்கிலாந்தில் ரொஜர் அஸ்கம் வெளியிட்ட ‘டொக்சோபிலஸ்’ என்ற வில்வித்தை நூல் இந்த ஒட்டு வேலையை விளக்குகிறது.

வேலை இதுதான். கடினக் கட்டையின் நடுவே வாளால் நீளமாக ஒரு வெட்டுப் போடுவார்கள். தண்டின் நுனியை ஆப்புப் போலச் சீவி, பசை தடவி, வெட்டுக்குள் இறக்கிக் கட்டிக் காயவிடுவார்கள். பிறகு மிஞ்சிய மரத்தைச் சீவி உருட்டினால் தண்டின் மேல் இரண்டு கூர்கள் தெரியும். இரண்டு கூர் போதும் என்கிறார் அஸ்கம். கூர்கள் கூடினால் கண்ணுக்கு அழகு. ஆனால் மண்ணின் ஈரம் இறங்கிப் பசை விட்டுப்போகும்.

எதற்கு இவ்வளவு பாடு? பாரமெல்லாம் அலகிலேயே இருந்து அதன் பின்னால் இலேசான மரம் வந்தால் அம்பு தலைகுத்தும். ஒட்டுக்கட்டை அந்தப் பாரத்தைப் படிப்படியாகப் பின்னுக்குப் பரப்புகிறது. அடிபட்டு முறியும் இடத்துக்கும் பலம் கொடுக்கிறது.

ஒட்டியதோடு வேலை முடியாது. நாணை விட்டதும் அம்பு வளைந்து, வில்லைச் சுற்றிப்போய், பிறகுதான் நிமிர்கிறது. முன்பாரம் கூடினால் வளைவும் கூடும். இடக்கையில் வில் பிடிப்பவரின் அம்பு விறைப்பாக இருந்தால் இடப்பக்கம் விலகும். துவண்டால் வலப்பக்கம் போகும். தண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி, எய்து பார்த்து, திரும்பவும் சுரண்ட வேணும். கூடச் சுரண்டினால் அம்பு போச்சு.

ஒட்டுக்கு அஸ்கம் சொல்லும் மரங்களில் ஒன்று ‘பிரேசில்’. முழு அம்பையும் அதில் செய்தால் பாரமாகி மந்தமாகப் போகும் என்கிறவர், முனையில் ஒட்ட அதையே சொல்கிறார்.

இந்தப் பெயர்தான் நம்மை நிறுத்த வேணும். அது முதலில் நாட்டின் பெயரல்ல. கிழக்கிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன செஞ்சாய மரமான பதங்கத்தின் பெயர். அரபியில் அதற்குப் ‘பக்கம்’ என்று பெயர். யாப்பஹுவையிலிருந்து ஆண்ட முதலாம் புவனேகபாகு 1283இல் எகிப்தின் மம்லூக் சுல்தான் கலாவூனுக்கு அனுப்பிய தூதுக்குழுவில் அல்ஹாஜ் அபூ உஸ்மான் இருந்தார். அவர்கள் கொண்டுபோன கடிதம் முத்து, மாணிக்கம், யானை, கறுவாவோடு பக்கத்தையும் நம் நாட்டுச் சரக்காகச் சொல்கிறது.

ஆங்கிலேயர் அம்பில் இருந்தது எங்கட மரம்தான் என்று உடனே மார்தட்டுவது சரியல்ல. 1545க்கு முன்பே போர்த்துக்கேயர் தென்னமெரிக்காவிலிருந்து அதைப் போன்ற வேறொரு செஞ்சாய மரத்தை ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். அந்த நாட்டுக்கே மரத்தின் பெயர் விழுந்தது. உரிமை கொண்டாடக் கூடியது மரத்தை அல்ல, அந்த வணிகப் பாதையை. நம்மவர் வரலாற்றைக் கல்வெட்டிலும் மீஸான் கல்லிலும் தேடுகிறோம். சரக்குகளின் பெயர்களிலும் தேடினால், கைவினைஞரின் பட்டறை வரைக்கும் அது நீளும்.