குமரிக் கரையில் மண்ணெண்ணெய் எஞ்சின்

இந்தோ-நார்வே மீன்வளத் திட்டம் 1953இல் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் தொடங்கி, எஞ்சின் படகுகளைக் கொண்டுவந்தது. அப்போது குமரிக் கரையும் அதே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தது. 1956 நவம்பர் 1இல் சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. ஆனால் முட்டம், குளச்சல் போன்ற ஊர்களில் பாயும் துடுப்பும் கொண்ட கட்டுமரமே நெடுங்காலம் நீடித்தது. 1980களில் ஒட்டுப்பலகை வள்ளங்களும், பின்புறம் மாட்டும் வெளிப்பொருத்து எஞ்சின்களும் பரவின. முட்டத்தில் இவ்வகை வள்ளங்களை உருவாக்கியதில் பெல்ஜியம் நாட்டவரான பியர் ஜில்லேயின் பங்கு பெரிது.

இந்த எஞ்சின்கள் பெட்ரோலில் கிளம்பி, சூடேறியபின் மலிவான மண்ணெண்ணெயில் ஓடின. கோளாறுகள் பலவும் அந்த மண்ணெண்ணெயிலிருந்தே வந்தன. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. முழுதாக எரியாதபோது தீப்பொறி பிளக்கில் கரி படியும். அதனால் நிறுத்துவதற்குமுன் சற்று நேரம் பெட்ரோலில் ஓட்டி, கார்புரேட்டரில் தங்கிய மண்ணெண்ணெயைத் தீர்ப்பது வழக்கமாயிற்று.

இவ்வகை இரட்டை வீச்சு எஞ்சினுக்குத் தனி ஆயில் தொட்டி பெரும்பாலும் இல்லை. எரிபொருளில் கலந்த ஆயிலே உராய்வைத் தடுத்தது. அது குறைந்தால் பிஸ்டன் இறுகிப் பிடிக்கும். மிகுந்தால் புகை கக்கி, பிளக் அடைக்கும். டாங்கில் நீர் கலந்தால் அது அடியில் தங்கி எஞ்சினை நிறுத்திவிடும். எரிபொருளை வடிகட்டி ஊற்றுவது இதற்குக் காப்பு. கியர் ஆயில் பால்போல் வெளுத்தால், சீல் கெட்டு நீர் புகுந்தது என்று பொருள்.

பின்னர் வந்த நான்கு வீச்சு எஞ்சின்களில் ஆயில் தனியே இருப்பதால், கலவைத் தவறு நீங்கி, ஆயில் அளவு பார்த்து மாற்றும் வேலை புதிதாகச் சேர்ந்தது.