ஜீவனி யாருடையது? காணிகளின் கதையும் புதூர்நாட்டுச் சாமையும்

(ஆடியோ எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு நாம கிளம்பப்போற இடம் புதூர்நாடு. திருப்பத்தூரிலிருந்து ஜவ்வாது மலைமேல ஏறினா வரும். பக்கத்துலயே நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு. மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் ஊர்கள். சாமை விளையுது. காட்டுல புளி, தேன், கடுக்காய் கிடைக்குது.

சென்னையில ஒரு கடையில நிக்கிறீங்கன்னு வச்சுக்கோங்க. ஒரு பாக்கெட்ல வெறும் 'சாமை'. பக்கத்துல இன்னொண்ணுல 'மலைச் சாமை'. ரெண்டாவது விலை கூட. 'மலை' என்கிற அந்த ஒரு சொல்லுக்கு நீங்க கூடுதலா காசு கொடுக்கறீங்க. அந்தக் கூடுதல் காசு மலைக்குப் போகுதா?

ஜவ்வாது மலைக்கு இது புதுக் கேள்வி இல்லை. இந்த மலையின் சந்தனம் பேர்போனது. திருப்பத்தூரில் வனத்துறையின் சந்தனக் கிடங்கு இருக்கு. ஏலம் எடுக்க வெளியூர் வியாபாரிகள் வருவாங்க. மரம் வளர்ந்தது மலையில், விற்கும் உரிமை இருந்தது அரசிடம்.

சரி, மலை மக்களுக்கும் பங்கு வேணும்னு முடிவு பண்ணி, அதை எழுத்துல போட்டா எல்லாம் சரியாயிடுமா? அதை இந்தியாவில் முதல் ஆட்களில் ஒருத்தரா செஞ்சு பார்த்தவங்க தெற்கே, அகத்தியமலையில் இருக்காங்க. அவங்க காணிகள்.

ஒரு பழத்தில் தொடங்கிய கதை

1987. பி. புஷ்பாங்கதன் தலைமையிலான விஞ்ஞானிகள் குழு ஒன்று கேரளப் பக்கத்து அகத்தியமலைக் காட்டுக்குள் போகிறது. வழிகாட்டிகள் காணி இளைஞர்கள். ஏறி ஏறி விஞ்ஞானிகளுக்கு மூச்சு வாங்குது. கூட வந்த பசங்களோ ஏதோ ஒரு சின்னப் பழத்தை மென்னுக்கிட்டே அசராம நடக்கறாங்க. கேட்டால் முதலில் சொல்ல மறுத்தார்கள். வெளியாட்களிடம் சொல்லக் கூடாத விஷயம் அது. பிறகுதான் செடியைக் காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை.

திருவனந்தபுரம் அருகே பாலோட்டில் உள்ள தாவரவியல் ஆராய்ச்சி நிலையம் அந்தச் செடியை ஆராய்ந்து, இன்னும் மூன்று மூலிகைகளைச் சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. 1995இல் அதைத் தயாரிக்கும் உரிமம் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய ஃபார்மசிக்குப் போனது. ஏழு வருஷ உரிமம். கட்டணம் 10 லட்ச ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் ராயல்டி. இரண்டிலும் பாதி காணிகளுக்கு என்று நிலையம் முடிவு செய்தது.

அப்போது இதைக் கட்டாயப்படுத்த இந்தியாவில் சட்டமே இல்லை. அதனால் உலகம் முழுக்க இந்த ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசினார்கள். 2002இல் ஐ.நா. தொடர்புடைய விருதும் வந்தது.

பணம் வந்தது, ஆனால்...

பணம் கொடுக்கணும்னா வாங்க ஒரு ஆள் வேணும் இல்லையா? 'காணி சமுதாயம்' பேர்ல வங்கிக் கணக்கு கிடையாது. 1997இல்தான் ஒரு டிரஸ்ட் பதிவானது. 1999இல் முதல் தவணையாக ஐந்து லட்சத்துக்கும் மேல் கணக்குக்கு வந்தது. உரிமம் கைமாறி மூணு வருஷத்துக்கு மேல ஆகியிருந்தது. வாங்கறதுக்கு ஒரு சட்டபூர்வமான அமைப்பு இல்லாததும் அந்தத் தாமதத்துக்கு ஒரு காரணம். இது முதல் பாடம்.

அடுத்த சிக்கல், யார் சம்மதிச்சாங்க? காணிகள் பல குடியிருப்புகளில் சிதறி வாழறவங்க. அவர்களுடைய பாரம்பரிய வைத்தியர்கள் சிலர் 1995லேயே எதிர்ப்புத் தெரிவித்துக் கடிதம் எழுதினார்கள். எங்க அறிவை எங்களைக் கேக்காம எப்படி விக்கலாம்னு. நாலு பேரிடம் கேட்டுவிட்டு ஒரு சமூகத்திடமே கேட்டதாக எடுத்துக்கொள்ள முடியாது.

மூணாவது, காடு. மருந்துக்கு இலை வேணும். காணிக் குடும்பங்கள் செடியைப் பயிரிட்டு இலை விற்கத் தொடங்கினார்கள். அரிய செடி என்று வனத்துறை அதைத் தடுத்தது. ராயல்டியில் பங்கு உண்டு, இலை பறிக்க அனுமதி இல்லை. இலை இல்லாமல் உற்பத்தியும் திணறியது.

நாலாவது, பெயர். 1999 வாக்கில் அமெரிக்க நிறுவனம் ஒன்று 'ஜீவனி' என்ற பெயரை அங்கே தன் டிரேட்மார்க்காக ஆக்கிக்கொள்ள முயன்றது. டிரேட்மார்க் என்பது நாட்டுக்கு நாடு தனி. அமெரிக்காவில் அந்தப் பெயரை யாரும் முன்கூட்டியே பாதுகாத்து வைக்கவில்லை. பங்கு எவ்வளவு என்று ஒப்பந்தம் போட்டவர்கள், கடல் தாண்டினால் பெயர் யாருடையது என்று யோசிக்கவில்லை.

அப்புறம் வந்த சட்டங்கள்

உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் 2002இல் வந்தது. 2006 வன உரிமைச் சட்டம், சிறு வன விளைபொருட்களைச் சேகரித்து விற்கும் உரிமை அங்கே வாழும் மக்களுக்கே என்றது. புவிசார் குறியீட்டுச் சட்டம் 2003இல் நடைமுறைக்கு வந்தது. மொத்த இந்தியாவுக்கும் அதன் பதிவகம் எங்கே தெரியுமா? நம்ம சென்னை கிண்டியில.

அந்தப் பதிவகத்தில் நீலகிரி தோடர்களின் எம்பிராய்டரி 2013இல் பதிவானது. அதுக்கப்புறமும் மெஷின்ல போட்ட நகல்கள் கடைக்கு வந்தன. சான்றிதழ் தானாகப் போய் யாரையும் பிடிக்காது. கேள்வி கேட்க ஒரு அமைப்பு வேணும்.

இப்போ புதூர்நாட்டுக்குத் திரும்புவோம்

புதூர்நாட்டுல பத்துப் பேர் சேர்ந்து சாமை அரிசி விக்க நினைக்கறாங்கன்னு வைப்போம். காணிகள் கதை அவங்களுக்கு என்ன வரிசை சொல்லுது?

முதலில் அமைப்பு. பத்து விவசாயிகள் இருந்தாலே உற்பத்தியாளர் நிறுவனம் பதியலாம். ஆளுக்கு ஒரு ஓட்டு. அதன் பேரிலேயே தனி வங்கிக் கணக்கு. தலைவரோட சொந்தக் கணக்குல பணம் வாங்கினா, முதல் சண்டை அங்கதான் ஆரம்பிக்கும்.

அடுத்தது பெயர். 'சாமை' என்ற வெறும் சொல்லை டிரேட்மார்க் ஆக்க முடியாது, அது எல்லாருக்கும் பொது. தனக்கென்று ஒரு பெயரும் சின்னமும் வேண்டும். ஆன்லைனில் விண்ணப்பித்தால் தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். பத்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். ஊரின் பெயரையே காப்பாத்தணும்னா அதுக்குப் புவிசார் குறியீடு. அதைத் தனி ஆள் சொந்தமாக்கிக்க முடியாது, உற்பத்தியாளர்கள் சார்பில் ஒரு அமைப்புதான் கேட்கணும்.

மூணாவது, எடுக்கும் உரிமை. சாமை வயல்ல விளையுது. தேனும் கடுக்காயும் அப்படி இல்ல, காட்டுல இருந்து வருது. லேபிள் அச்சடிக்கிறதுக்கு முன்னாடி கிராம சபை வழியாக வன உரிமை கேட்டு வாங்கணும்.

கடைசியா எழுத்து. எவ்வளவு, என்ன விலை, எந்தத் தேதிக்குள் பணம். உத்யம் பதிவு இலவசம். அந்தப் பதிவுள்ள சிறு தொழிலிடம் பொருள் வாங்கினவர், ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தரணும்னு 2006ஆம் வருஷச் சட்டம் சொல்லுது. தவறினால் வட்டி.

அன்னைக்கு அந்தக் காணி இளைஞர்கள் களைச்சுப் போனவங்களுக்குப் பழத்தைக் கொடுத்தாங்க. அதுல தப்பே இல்ல. கொடுத்தவங்க பேர்ல ஒரு கணக்கு திறக்கவே பத்து வருஷம் ஆச்சு, அதுதான் குறை. அடுத்த தடவை 'மலைத் தேன்' பாட்டிலைக் கையில எடுத்தா திருப்பிப் பாருங்க. தயாரிப்பாளர்னு யார் பேர், எந்த ஊர் போட்டிருக்கு? அந்த ஊர் மலைமேல இருக்கா, கீழ இருக்கா?

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.